கருவிப் பெட்டிக்குள் துரை

எனக்குக் கோபம் வரும். வந்தால் அடக்கத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லும்போதே நடுநடுவில் யாரையாவது திட்டுவேன். பெரும்பாலும் அது என் கணவராகத்தான் இருக்கும். அவருக்குப் பழகிவிட்டது.

நான் நில அளவையாளர். எங்கேயாவது இரண்டு பேர் வேலிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். முக்காலியை ஊன்றி, அதன்மேல் கருவியைப் பொருத்தி, கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் வலது கண்ணை அழுத்தி வைத்துக்கொள்வேன். துளி வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்தாலும் எனக்கு ஆகாது. தூரத்தில் கண்ணாடி பொருத்திய கம்பைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நிற்பார். நான் இடது கையை நீட்டினால் இடது பக்கம் நகர்வார், வலது கையை நீட்டினால் வலது பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அதனாலேயே எனக்கு இந்தத் தொழில் ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. முக்காலி, கம்பு, மண் அப்பிய பூட்ஸ் இவற்றையெல்லாம் பார்த்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் திடீரென்று வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டது ஞாபகம் வந்துவிடும். கடைசியில் ஓர் அம்மா மாடிப் பகுதியைக் கொடுத்தார். கீழே அவர் தனியாக இருந்தார். கணக்காசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலேயே ஆளை உட்காரவைக்கிற பேச்சு. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எனக்கு இழுப்பு இருக்கு. நாய், பூனை, கிளி, எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. பார்த்தேன்னா அன்னிக்கே காலி பண்ணிடணும். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க முயல் வளர்த்தாங்க. நல்ல மனுஷங்க. போயிட்டாங்க."

"எங்களுக்கு மனுஷங்களையே பிடிக்காதும்மா" என்றேன் நான். ஓனரம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் என் கணவர் வேலையிலிருந்து திரும்பியதும் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டி எட்டிப் பார்த்தது. எல்லைக் கல் குவியலுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்ததாம். நான் கத்திய கத்தலில் அதுவே வாயை மூடிக்கொண்டது. வீடு போய்விடும், மறுபடி தெருத்தெருவாக அலைய வேண்டும், உங்களுக்கு மூளை இருக்கிறதா, இருந்தால் அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது தள்ளாடித் தள்ளாடி வந்து என் பாதத்தின்மேல் படுத்துத் தூங்கிவிட்டது. நான் காலை அசைக்கவில்லை. அத்தோடு கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குத் துரை என்று பெயர் வைத்தோம். வீட்டைச் சோதனை போட வந்த அதிகாரி மாதிரி நடை. தட்டில் சோறு வைத்தால் முதலில் என்னை ஒரு பார்வை, பிறகு தட்டை ஒரு பார்வை, அப்புறம்தான் மனம் இரங்கி வாய் வைக்கும்.

அதை மறைத்து வைத்ததுதான் பெரிய கூத்து. துரை வந்த புதிதில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க ஓனரம்மா மாடி ஏறி வந்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கணவர் துரையை அப்படியே அள்ளிக் கருவிப் பெட்டிக்குள் போட்டு, மூடியைச் சாத்தி, காற்றுக்காக ஒரு துணி மடிப்பை இடையில் செருகிவிட்டார். மஞ்சள் நிறத்தில் பெரிய பெட்டி. கருவியின் உருவத்துக்கு ஏற்றபடி உள்ளே பஞ்சு மெத்தையைக் குடைந்து வைத்திருக்கும். கருவி அப்போது மேசைமேல் இருந்ததால் அந்தக் குழி துரைக்கு அளவெடுத்துச் செய்தது போல் ஆகிவிட்டது.

"அதுல என்ன?" என்று கேட்டார் ஓனரம்மா.

"ரொம்ப விலை உயர்ந்த சாமான்மா. லேசா இடிச்சாலே அளவு மாறிடும்."

கணக்கு டீச்சருக்கு அளவு என்றால் மரியாதை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் குழாயைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி துரையின் மாளிகை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரும் சொல்லாமலே தானாகக் குதித்து உள்ளே போய்விடும். நாளடைவில் சத்தம் கேட்காவிட்டாலும் போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் கருவியை வைப்பதற்காக நாங்கள் அதைத் தூக்கி வெளியே விடும்போது எங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, சொந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி இருக்கும்.

ஒரு தடவை ஊசி போட அதை அந்தப் பெட்டியிலேயே எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் ஓனரம்மா.

"வேலைக்குக் கிளம்பிட்டீங்களா?"

பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. என் கணவர் உடனே இருமினார். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை, குடலே வெளியே வந்துவிடும் போல. ஓனரம்மா, "வெந்நீர் குடிப்பா" என்றார். அந்த மனிதர் ஒரு வாரம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் இருமிக்கொண்டே போனார், சந்தேகம் வரக் கூடாதாம்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். பிறகுதான் என் கண்ணுக்கு வந்தது.

முதலில் மண் விழுந்த மாதிரி உறுத்தியது. எங்கள் தொழிலில் மண் விழாத நாள் ஏது. கழுவிவிட்டுப் போனேன். மறுநாள் வலது கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கு அன்று நிலத்தைப் பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அண்ணன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க பிரியறதுக்கு நீங்க ஏம்மா அழறீங்க?" என்று கேட்டார். தம்பி, "ஒத்தைக் கண்ணால அளந்தா அண்ணன் பக்கம் சாய்ஞ்சிடாதே?" என்றார். எந்த அளவையாளரும் ஒற்றைக் கண்ணால்தான் அளக்கிறார் என்று அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு இன்னொரு கண்ணும் சிவந்துவிட்டது, கோபத்தில்.

மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். கேட்கவில்லை. வலது காதுக்கு முன்னால், தாடை தொடங்குகிற இடத்தில், ஒரு கட்டி கிளம்பியது. தொட்டால் வலித்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"பொன்னுக்கு வீங்கிடி அது."

"அதுதான் எனக்குச் சின்ன வயசுலேயே வந்துடுச்சேம்மா."

"அப்ப ஒரு பக்கம்தானே வந்துச்சு. மிச்சம் இருந்திருக்கும்."

மாமியார், வெயிலில் அலையாதே என்று தான் கல்யாணத்துக்கு முன்பே சொன்னதாகச் சொன்னார். என் கணவர் கிட்ட வந்து கண்ணை உற்றுப் பார்த்து, "அழுதியா?" என்று கேட்டார். "இனிமேதான்" என்றேன்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, எனக்குள்ளே பயம் பிடித்துக்கொண்டது. இமையை லேசாகக் கீழே இழுத்துக் கண்ணாடியில் பார்த்தபோது உள்பக்கம் சின்னச் சின்ன முண்டுகளாக இருந்தது. கருவியில் கண் வைத்தால் கம்பு தெளிவாக விழவில்லை, தண்ணீர் மறைத்தது. இடது கண்ணால் முயன்று பார்த்தேன். எனக்கு அது எழுதத் தெரியாத கை மாதிரி. இந்தக் கண் போனால் நான் என்ன செய்வேன்? கம்பு பிடிக்கலாம். அப்படியானால் கருவியில் என் கணவர் நிற்க வேண்டும், அவர் கை காட்டுகிற பக்கமெல்லாம் நான் நகர வேண்டும். அதற்கு நான் சாமியாராகப் போய்விடுவேன்.

ஓனரம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என்னம்மா இது? இதை வச்சுக்கிட்டு எத்தனை நாளா சுத்தறே? கிளம்பு. எங்க டாக்டர்கிட்ட நானும் போகணும், இழுப்பு மருந்து தீர்ந்துபோச்சு."

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் கணவரும் ஏறிக்கொண்டார். நடந்து போகிறவர்கள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் நிதானமான மனிதர். விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார், இமையைப் புரட்டிப் பார்த்தார், கட்டியை அழுத்திப் பார்த்தார். இந்தக் காலத்து டாக்டர்கள் மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல பூனை ஏதாவது இருக்கா? பூனை கீறிச்சா?"

என் பக்கத்து நாற்காலியில் ஓனரம்மா. அந்தப் பக்கம் என் கணவர், தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனையா? எங்க வீட்லயா? இல்லவே இல்லை டாக்டர்" என்றேன். துரை என்னை ஒரு நாளும் கீறியதில்லை, அதனால் பாதி உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓனரம்மா சுவரில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நுரையீரல் படம்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நீங்க பிராணிங்க பக்கமே போக மாட்டீங்க. ஆனாலும் இழுப்பு ஏன் இப்படி ஏறிக்கிட்டே போகுதுன்னு தெரியலை" என்றார். ஓனரம்மா, "தூசிதான் டாக்டர்" என்றார்.

வேறு சொட்டு மருந்து, மாத்திரை, சில சோதனைகள். எதிலும் பிடி கிடைக்கவில்லை. கட்டி மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்தது. அடுத்த தடவை நானும் என் கணவரும் மட்டும் போனோம். டாக்டர் கட்டியைத் தொட்டுவிட்டு யோசித்தார்.

"இனிமே காத்திருக்க முடியாதும்மா. கட்டியிலருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதிச்சுப் பார்த்துடலாம். சர்ஜன் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். பெரும்பாலும் பயப்பட ஒன்னும் இருக்காது. ஆனா முகத்தை அசைக்கிற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. அதுல பட்டா ஒரு பக்கம் தொங்கிப்போக வாய்ப்பு இருக்கு. கொஞ்சம்தான். ஆனாலும் சொல்லணும் இல்லையா?"

சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அவர் பூனையைப் பத்தித்தானே முதல்ல கேட்டார்? இருக்குன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"கீறாத பூனையைச் சொல்லி வீட்டை விடணுமா? எங்கே கீறியிருக்கு, காட்டுங்க பார்ப்போம்." இரண்டு கையையும் நீட்டினேன். முள் கிழித்த கோடு இருந்தது, கம்பி கிழித்த கோடு இருந்தது. துரையின் கோடு ஒன்றுகூட இல்லை.

"வீடு போனா வேற வீடு. முகம் போனா?"

"என் முகம் கோணினா உங்களுக்கென்ன, திட்டறது புரியாமப் போகும், நிம்மதியா இருங்க."

அவர் சிரிக்கவில்லை. துரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதைச் சொன்னால் அதையும் விட வேண்டும், வீட்டையும் விட வேண்டும். சொல்லாவிட்டால் கத்தி. கீறவே இல்லாத பூனையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, கத்தி எப்படியும் வரத்தான் போகிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் இழப்பானேன் என்றுதான் என் புத்தி போயிற்று. வீம்பு என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம்.

மாடியில் நாங்கள் போட்ட சத்தம் கீழே கேட்டிருக்கிறது. பூனை விஷயம் காதில் விழுந்ததோ என்னவோ, கத்தி விஷயம் விழுந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் படி இறங்கியபோது ஓனரம்மா காரைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். "நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான். வழி முழுக்க அவர் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேட்டுடறேன். ஒரு கண்ணு மட்டும் சிவக்கிறது, இமைக்குள்ள முண்டு, அதே பக்கத்துல காதுக்கு முன்னாடி நெறி கட்டறது. இது மூணும் சேர்ந்து வந்தா எனக்குப் பூனை ஞாபகம்தான் வருது. நிஜமாவே உங்க பக்கத்துல பூனை கிடையாதா?"

"கிடையாது டாக்டர்."

"இருக்கு டாக்டர்" என்றார் ஓனரம்மா.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம், தெரிந்துகொண்டே இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார், இன்றைக்கே சாமானைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்றார். வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை எழுந்து நிற்பது மாதிரி இருந்தது.

"நான் வளர்க்கிறேன். நீங்க கூடாதுன்னு சொல்லியும் வளர்க்கிறேன். உங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன். இந்தப் பொண்ணு வாடகை கொடுக்க வரும்போது என் சோபாவுல உட்காருவா. அதுல பூனை முடி இருக்கும். அதனால வந்திருந்தா என்ன பண்றது? அவ முகத்துல கத்தி வைக்காதீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் எனக்கு ஏதோ ஒன்று தலைக்கு ஏறிவிட்டது.

"உங்க பூனையா? எப்படி இருக்கும்?"

"வெள்ளை. முதுகுல கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டா இருக்கும். இடது காது நுனியில ஒரு சின்ன வெட்டு. மத்தியானம் ஜன்னல் வழியா வரும், பால் குடிச்சுட்டு என் மடியில படுத்துக்கும். ராஜாத்தின்னு கூப்பிடுவேன்."

"அது எங்க துரை!"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் நான் நிறுத்தவில்லை. வாடகை வீடு, நிபந்தனை, கண், கட்டி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் என் பூனை இன்னொரு மடியில் படுத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் காதில் ஒலித்தது.

"அது எங்க பூனைம்மா. குட்டியிலருந்து நாங்கதான் வளர்க்கிறோம்."

"ஒரு வருஷமா என் மடியிலதான் தூங்குது."

"ராத்திரி எங்க தூங்குதுன்னு கேளுங்க!"

"ஆம்பளைப் பேர் வச்சிருக்கியே, அது பொட்டைன்னுகூடத் தெரியாம என்னத்த வளர்த்தே?"

நான் டாக்டரைப் பார்த்தேன். "மூணு நிறம் இருந்தா பெரும்பாலும் பெண்தாம்மா" என்றார் அவர் வருத்தத்துடன். "எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு" என்றார் என் கணவர். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் உட்காருங்க. இத்தனை வருஷத்துல, நோயைக் கொடுத்தது என் பூனைதான்னு உரிமை கொண்டாடி யாரும் இங்க சண்டை போட்டது கிடையாது. முதல்ல இதைச் சொல்லுங்க, கீறிச்சா?"

"என் துரை கீறவே கீறாது."

"என் ராஜாத்தி நகத்தையே நீட்டாது."

அதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

டாக்டர் விளக்கினார். கீறினால் கையில் ஒரு கொப்புளம், அக்குளில் நெறி, இதுதான் வழக்கமாம். ஆனால் இந்த நோய்க்கு வேஷம் போடுவதில் அலாதிப் பிரியம். நல்ல திடகாத்திரமான ஆள் ஒருவர் காரணமே தெரியாமல் விடாத காய்ச்சலோடு வந்தாராம். இன்னொருவருக்கு இடுப்பு எலும்பில் வலி. ஒருவருக்கு ஒரு கண்ணில் நடுப்பகுதி மட்டும் மங்கல். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பூனைதான் காரணம், அந்தப் பூனைகள் எல்லாம் நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தன. பூனை மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சியின் கழிவில் கிருமி இருக்கும். கீற வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த அழுக்கு கண்ணுக்குள் போனாலே போதும்.

"சோபாவுல உட்கார்ந்தா கண்ணுக்கு வராது. உங்க கண்ணுல நேரடியா படற பொருள் என்ன? துண்டு, தலையணை, கண்ணாடி?"

யோசித்தேன். துரையை நான் கட்டிலில் ஏற்றுவதில்லை. என் துண்டை யாரும் தொடக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லை. அப்போது என் கணவர் மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி சொன்னார்.

"பெட்டி."

"என்ன பெட்டி?"

"கருவிப் பெட்டி. அது கன்னத்தை வச்சுத் தூங்கற குழியிலதான் கருவியோட கண்ணு வைக்கிற பக்கம் போய் உட்காருது. தினமும் நீ லென்ஸ் கண்ணாடியை மட்டும்தான் துடைப்பே. தண்ணி உள்ளே இறங்கிடும்னு அந்த ரப்பர் வளையத்தை நீயும் தொட மாட்டே, என்னையும் தொட விட மாட்டே."

தினமும் காலையில், வெளிச்சம் புகுந்துவிடக் கூடாதென்று, என் வலது கண்ணை அந்த ரப்பரில் அழுத்தி அழுத்தி வைத்ததை நினைத்துப் பார்த்தேன். பூனையை ஒளித்து வைக்க நாங்கள் கண்டுபிடித்த இடத்திலிருந்து நோயை நேராகக் கண்ணுக்குள் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

"பூனையைப் பெட்டிக்குள்ள ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நாங்கள் இருவரும் ஓனரம்மாவைப் பார்த்தோம்.

"விலை உயர்ந்த சாமான்னு சொன்னீங்களே" என்றார் அவர். பிறகு அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, டாக்டர் எழுந்து மருந்தை அவர் வாயில் வைத்து அழுத்தும் வரை நிற்கவில்லை.

சர்ஜனிடம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். பூனைக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி கரைந்தது. கண்ணில் சிவப்பு போயிற்று. துரையைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய் மருந்து பூசியதில் தெள்ளுப்பூச்சியெல்லாம் போயிற்று, அங்கேயும் பெண் என்று உறுதி செய்துவிட்டார்கள். பெயரை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. பெண் துரையாக இருக்கக் கூடாதா என்ன? பெட்டிக்குப் பூட்டு வாங்கினோம். மறுபடி கண்ணை வைத்துப் பார்த்த அன்று கம்பின் நுனி ஊசி மாதிரி தெரிந்தது. அதற்குக் கீழே என் கணவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூரத்தில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்று அந்த அறையில் டாக்டர் ஓனரம்மாவிடமும் பேசினார். கறாராகப் பேசினார். இழுப்பு இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும், பூனை மடிமேல் வரவே கூடாது, வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. ஓனரம்மா தலையாட்டினார். இனிப் பொய் சொல்ல அவருக்கு வழியில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ராஜாத்தி இன்றைக்கும் மத்தியானம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். எனக்காகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த அன்றே அவர் கீழ்ப்படியில் நின்றுகொண்டு மாடியைப் பார்த்துச் சொன்னார். "ஜன்னல்ல வலை அடிச்சாச்சு. அதை இனிமே மேலேயே வச்சுக்கோங்க."

"அப்ப நாங்க காலி பண்ண வேண்டாமாம்மா?"

"காலியா? அதை எடுத்துக்கிட்டு எங்கயாவது போறேன்னு சொல்லிப் பாரு, அப்ப தெரியும்."

இப்போது மாலையில் நான் படிக்கட்டின் மேல்பகுதியில் துரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கீழே, கடைசிப் படியில், மூக்கை முகக்கவசத்தால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன சாப்பிட்டது, எங்கே தூங்கியது, மெலிந்த மாதிரி தெரிகிறதே என்று கேள்வி வரும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அதை நான் பட்டினி போடுகிற மாதிரியல்லவா கேட்கிறார். பிறகு பழகிவிட்டது. பிறகு ஒரு நாள் அவர் மழைக்கு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டபோது, எனக்கு என்னவோ போல் இருந்தது.

நேற்று அவர் வழக்கம் போல் எல்லாம் கேட்டு முடித்தார். எழுந்து போகவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.

"என்னைத் தேடுதா?"

மத்தியானமானால் துரை இறங்கிப் போகிறது. வலை அடித்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் கத்துகிறது. வேலை இல்லாத நாட்களில் நானே போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன். என் மடியில் வைத்தால் இறங்கி மறுபடி போகிறது. ஓனரம்மா அந்த நேரத்தில் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதால் அவருக்குத் தெரியாது. என் கணவருக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை. என் பூனை, என்னை விட்டுவிட்டு இன்னொருவரைத் தேடுகிறது என்று நான் ஏன் என் வாயால் சொல்ல வேண்டும்?

"தேடுதும்மா" என்றேன். "தினமும்."

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.